யாரோ ஒருவரின் ஜவ்வும் என் முந்திரி கேசரியும்

போன வருடம் மார்கழி மாதம், நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்தது இது. ஆபரேஷன் செய்த என் வலது முட்டிக்கு பிசியோதெரபி கொடுத்த அக்காவின் கிளினிக் மாடியில் இருந்தது. "முட்டி வைத்தியத்துக்கு மாடியிலயா கட போடுவ?" என்று கிண்டலடித்துக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவுவேன். "கைப்பிடியப் புடிச்சி ஏறுடா!" என்று மேலிருந்து கத்துவார்.

முத்தாண்டிக்குப்பத்தில் கபடி ஆடி முட்டி ஜவ்வு கிழிந்திருந்தது. எலும்பும் எலும்பும் உரசாமல் நடுவில் மெத்தை மாதிரி இருக்குமே, அது. கிழிந்ததை வெட்டி எடுத்த பிறகும் வலி விடவில்லை. மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிவதற்குள் முட்டி பலாக்காயாகிவிடும். கடைசியில் ஆனி மாதம், சென்னையில், இறந்துபோன ஒருவரின் ஜவ்வை அளவு பார்த்து வைத்தார்கள். வலி குறையும், எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல முடியாது, கபடியை மறந்துவிடு என்றார் டாக்டர். நன்றாகத் தலையாட்டினேன். வலி விட்டதும் காணும் பொங்கல் கபடிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஜவ்வு யாருடையது என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை. எனக்கோ அதே குடைச்சல். ஆணா, பெண்ணா? எந்த ஊர்? காலையில் எழுப்பினால், "நான் எப்பவோ முழிச்சிட்டேம்மா, முட்டிக்காரருதான் தூங்குறாரு" என்பேன்.

அம்மா அமாவாசைதோறும் அந்த முகம் தெரியாதவருக்கும் ஓர் இலை போட்டார். இறந்தவருக்குப் பிடித்ததைத்தானே படைக்க வேண்டும்?

"அவருக்கு என்னாடா புடிக்கும்?"

"முந்திரி கேசரின்னு டாக்டர் சொன்னாரும்மா."

ஐந்து அமாவாசை. காக்கை சோறெடுக்கும்வரை அம்மா பட்டினி. பிறகு கேசரி முழுக்க எனக்கு.

இந்தக் கதையையும் கபடி ரகசியத்தையும் ஒருநாள் அக்காவிடம் அளந்தேன். எப்போதும் சிரிப்பவர் அன்று சிரிக்கவில்லை.

"எந்தம்பி பைக்ல அடிபட்டு செத்து ஏழு வருஷம் ஆவுதுடா. கண்ணு, எலும்பு, ஜவ்வு எல்லாத்தையும் குடுத்தோம். யாருக்குப் போச்சுன்னு எங்களுக்கும் சொல்லல. எங்கியோ ஒருத்தன் மாடிப்படி ஏறிக்கினு இருப்பான்னு நெனச்சிக்குவேன்."

'பொணத்து முட்டி' என்று அவர் எதிரிலேயே எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "அவருக்கு என்னாக்கா புடிக்கும்?" என்றேன்.

"காராபூந்தி. இனிப்பே ஆவாது அவனுக்கு."

அன்றே டீமுக்குப் போன் போட்டுப் பெயரை எடுக்கச் சொன்னேன். "பயந்துட்டியாடா?" என்றார்கள். "ஆமாண்டா" என்றேன். வீட்டில் உண்மையைச் சொன்னதும் கரண்டி பறந்து வந்தது.

"அடப்பாவி! உசுரோட இருக்கிற ஒனக்கா அஞ்சு மாசமா படையல் போட்டுக்கினு இருந்தேன்?"

அடுத்த அமாவாசைக்குக் கேசரியோடு காராபூந்தியும் இலையில் இருந்தது. ஏதாவது ஒன்று பிடிக்காமலா போகும் என்றார் அம்மா. காணும் பொங்கலன்று நான் கோட்டுக்கு வெளியே விசில் ஊதினேன்.

இப்போது ஷிப்ட் முழுக்க நிற்கிறேன். மழை நாளில்தான் முட்டி லேசாக முனகும். அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது, ஆனால் எந்த வீட்டிலோ யாரோ ஒருவர் நான் படியேறுவதை நினைத்துக்கொண்டிருப்பார் என்பதால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் ஏறுகிறேன்.