மாமாவுக்கு ஆத்தா வந்த வாரம்

எங்கள் ஈசூன் அடுக்குமாடி வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பன்னிரண்டாவது மாடிக்கு மின்தூக்கியிலா ஏறி வந்திருப்பாள் என்று வேறு யோசித்தேன்.

வந்திருந்தது மாமாவின் மேல். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். உடம்பில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் என்று மட்டும் சொன்னார். எங்கே என்று அம்மா கேட்டதற்குச் சுவரைப் பார்த்தார். தொடை இடுக்கில் என்று அக்காவிடம் எப்படிச் சொல்வார்? பார்க்காமலேயே அது அம்மைதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

அவ்வளவுதான். தேக்கா சந்தையிலிருந்து வேப்பிலை வந்து வாசல் கதவில் தொங்கியது. சமையலில் தாளிப்பு நின்றது. பெண் வீட்டாரிடம் அம்மா போனில், "ஆத்தா இறங்கட்டும், அப்புறம் தேதிய பார்ப்போம்" என்றார். நான் தினமும் மாமாவின் அறை வாசலில் இளநீரை வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டேன். உள்ளே மாமா கைபேசியைப் பார்த்தபடி, முகம் வெளிறி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஆத்தாவோடு பேசுகிறார் என்று மூச்சுக்கூட விடாமல் நகர்ந்துவிடுவேன். அவரோ வெளியில் சொல்லக் கூசும் நோய்களின் பெயர்களை வாசித்து, கல்யாணமே நின்றுவிடும் என்று நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

குளியலறையில் புது ரேசரைக் கண்டவர் அப்பாதான். மாமாவின் முகத்தில் தாடி அப்படியே இருந்தது. அப்பா நேராக மாமாவின் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்.

"வா மச்சான், கீழ கிளினிக்ல காட்டிட்டு வந்துரலாம்லா."

ஆத்தா போகும் இடத்துக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூடவே போனேன். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஷேவ் பண்ணதுல முடி வேரெல்லாம் வீங்கியிருக்காம் அத்தான். வேற ஒண்ணும் இல்லையாம். ஆறுற வரைக்கும் பிளேடு வைக்காம, லூசா உடுத்துனா போதுமாம்."

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தேம்பி அழுதார். ஆத்தா வரவே இல்லையென்றால் யாருக்குத்தான் அழுகை வராது? அவர் முழங்கையைத் தொட்டேன்.

"அழாதீங்க மாமா. அடுத்த தடவ கண்டிப்பா வருவா."

"ஐயோ, வேணாம்லா கண்ணு" என்றார் மாமா.

ஆத்தாவையே வேண்டாமென்று சொல்லிவிட்டு ஒரு மனிதர் எப்படி அத்தனை சந்தோஷமாகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.