ஒரே மாதிரியான நூற்று நான்கு படங்கள்

என் தங்கையின் கணவரை அந்தக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதினாறு வீட்டுக்கும் அவர் "அங்குலம்"தான். முப்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். எதைப் பேசினாலும் அதில் ஒரு அளவு இருக்கும். வெளியே நல்ல மழையா என்று கேட்டால், வாசல் படியில் ஒன்றரை அங்குலம் நிற்கிறது என்பார். சாரம் சரிந்து இடது கால் முறிந்தபோது, கட்டைப் பிரித்த டாக்டர், கால் லேசாகக் குட்டையாகிவிட்டது என்றாராம். "லேசா இல்லீங்க, முக்கால் அங்குலம்" என்று இவர் திருத்தினாராம். தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் காலோடு சாரம் ஏற முடியாது. நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். கீழ்த்தளத்தில் பின்பக்கம் ஒன்றரை அறை கொடுத்தார்கள். மோட்டார் போடுவது, குழாய் மாற்றுவது, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது. ஆறு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு பக்கத்து மனையில் பள்ளம் தோண்டினார்கள்.

கார் நிறுத்தத் தரைக்கடியில் இரண்டு தளம் வேண்டுமாம். முப்பது அடி இறக்கினார்கள். ஊற்று வந்துவிட்டது. இரண்டு பம்பு வைத்துப் பகல் முழுக்க இறைத்தார்கள்.

"தண்ணிய இறைச்சா இறைச்சிட்டுப் போகட்டும் மச்சான். அதோட நம்ம மண்ணும்ல போகுது" என்றார் அங்குலம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வெல்டிங் பட்டறைக்காரன். இரும்பு தெரியும், மண் தெரியாது.

அடுத்த மாதம் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து, வெளிச்சுவரில், சாய்வாக ஒரு வெடிப்பு கிளம்பியது. மயிரிழைதான். கட்டடச் சொந்தக்காரரிடம் சொன்னார். பழைய பூச்சு, வெயிலுக்கு வெடிக்கும் என்று அவர் முடித்துவிட்டார். இவர் விடவில்லை. ஒரு கண்ணாடித் துண்டை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் சிமெண்ட்டால் பதித்தார். வெறும் பூச்சு வெடிப்பு என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் நகர்ந்தால் உடையும். பத்தொன்பதாம் நாள் உடைந்தது.

அன்றிலிருந்துதான் படம் எடுக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமைதோறும் காலை ஏழரைக்கு, வெயில் சுவரில் விழுமுன். நிற்கும் இடம் மாறக்கூடாது என்று சிமெண்ட் தரையில் மஞ்சள் பெயிண்டால் இரண்டு பாதம் வரைந்து வைத்திருந்தார். வெடிப்பை ஒட்டி ஒரு அளவுகோல். கை உயரம்கூட மாறாது. ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைத்தால் வெடிப்பைத் தவிர மற்றதெல்லாம் அச்சாகப் பொருந்த வேண்டும், அவருக்கு.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் அண்ணே. ஒரு தடவை என்னை நிக்க வச்சு எடுத்திருப்பாரா? செவுத்துக்கு வாராவாரம் போட்டோ" என்று தங்கை பொருமுவாள்.

போன் பழசு. எட்டு மாதத்தில் இடம் நிரம்பிவிட்டது. இணையத்தில் படங்களைச் சேமித்து வைக்கும் கம்பெனி ஒன்றை நான்தான் காட்டிக் கொடுத்தேன். என் பட்டறையில் செய்த கேட்டுகளின் படமெல்லாம் அதில்தான் இருந்தன. வருடச் சந்தா கட்டிச் சேர்ந்தார். அங்கே ஏறியதும் போனிலிருந்து அழிந்துவிடும். பத்திரமா இருக்குமா என்று ரெண்டு தடவை கேட்டார். வீட்டு பீரோவைவிடப் பத்திரம் என்றேன். வாய்க்கொழுப்பு.

படம் எடுக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஓடியது. கண்ணாடி நாலு தடவை உடைந்தது. வெடிப்பு இரண்டாம் மாடி வரை ஏறி, ஒரு ரூபாய்க் காசு நுழையும் அகலம் வந்துவிட்டது. கட்டட ஆய்வு அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லி அவர்கள் உத்தரவு போட வேண்டும். வீடு வீடாக ஏறி அவரே சொல்லிப் பார்த்தாயிற்று. குழாய் மாட்டுகிறவன் சொல்லி யார் சாமான் தூக்குவார்கள்?

மனு போன விஷயம் சொந்தக்காரருக்குத் தெரிந்தது. தங்கைக்குக் கண் பரிசோதனை என்று இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போன நாளாகப் பார்த்து ஆட்களை இறக்கினார். திரும்பி வந்தபோது கண்ணாடி இல்லை, அளவுகோல் இல்லை, வெடிப்பும் இல்லை. அடைத்து, பூசி, வெளிர்நீல பெயிண்ட் அடித்திருந்தார்கள். அங்குலம் கோபப்படவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல மஞ்சள் பாதத்தில் நின்று அந்த நீலச் சுவரையும் ஒரு படம் எடுத்தார். பூசி மறைத்ததும் ஒரு சாட்சிதானே என்றார். அது நூற்று நாலாவது படம்.

அந்த வாரமே படம் சேமிக்கும் கம்பெனியிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. "உங்களிடம் ஒரே மாதிரியான 104 படங்கள் உள்ளன. ஒழுங்குபடுத்தலாமா?"

கொத்தனாருக்கு ஒழுங்கு என்றால் கல்லை வரிசை பிசகாமல் வைப்பது. எடுத்து எறிவது அல்ல. தேதிவாரியாக அடுக்கித் தருவார்கள், அலுவலகத்தில் காட்ட வசதி என்று நினைத்து, "சரி"யை அழுத்தினார். திரையில் ஒரு துடைப்பம் ஆடி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனதாம். அதோடு மறந்துவிட்டார்.

விசாரணைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தபோது நாற்பது நாள் ஆகியிருந்தது. படங்களைத் திறந்தார். ஒன்றே ஒன்று இருந்தது. வெளிர்நீலச் சுவர். நூற்று மூன்றை எறிந்துவிட்டு, எது பளிச்சென்று, கீறல் இல்லாமல் இருந்ததோ அதை வைத்திருக்கிறார்கள். என்னைப்போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோணலாக எடுத்திருந்தால் அத்தனையும் தப்பித்திருக்கும். வேலைச் சுத்தமே அவருக்கு வினையாகிவிட்டது.

அழித்த படங்கள் முப்பது நாள்தான் குப்பைத்தொட்டியில் இருக்குமாம். நான் அவர் முன்னாலேயே போனைத் தூக்கிப் போடப் பார்த்தேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். முதல் புகாருக்கு உடனே பதில் வந்தது. "மதிப்புமிக்க வாடிக்கையாளரே, தங்கள் மகிழ்ச்சியே எங்கள் நோக்கம். தங்கள் படங்களில் மிகச் சிறந்தது பாதுகாக்கப்பட்டுள்ளது."

இரண்டாவதற்கு நான் சில வார்த்தைகள் சொன்னேன். அச்சில் போட முடியாதவை. அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு இப்படி எழுதினார்: "அவை ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொன்றுக்கும் நூலளவு வித்தியாசம் உண்டு. எனக்கு அந்த நூல்தான் வேண்டும்." அதற்குப் பதிலாக, தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

மூன்று நாள் முயன்று ஒரு தடவை மனுசக் குரல் கிடைத்தது. ஒரு பெண். தன்மையாகத்தான் பேசினாள். பட்டறையில் ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன்.

"சார், அந்தப் படங்கள்ல ஆள் யாருமே இல்லையே சார். அதான் சிஸ்டம் அப்படி எடுத்துக்கிச்சு."

"ஆள் செவுத்துக்கு உள்ள இருக்காங்கம்மா" என்றார் அங்குலம்.

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

விசாரணைக்கு நானும் போனேன். அதிகாரி மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார். வெடிப்பு இருந்தது என்றால் போதாது, வளர்ந்தது என்று காட்ட வேண்டும் என்றார். அளவுகள் எழுதிய நோட்டைக் கொடுத்தார் அங்குலம். நோட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று பதில். போனை நீட்டினார். அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"செவுரு நல்லாத்தானே இருக்கு?"

புது ஆய்வுக்கு வரிசைப்படி ஆள் அனுப்புவார்களாம். மூன்று மாதம் ஆகும். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அவர் பேசவில்லை. தூரம், நேரம், அகலம், எதுவும் வாயிலிருந்து வரவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அதுவரை, சொல்வதில் வெட்கமென்ன, மனுசனுக்குக் கொஞ்சம் மறை கழண்டிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டில் தங்கை சமையலறைக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து சாத்த முடியவில்லையாம். தச்சரை வரச்சொல்லி இழைத்துவிடலாம் என்றாள். அங்குலம் டேப்பை எடுத்துக் கதவு நிலையை மூலைக்கு மூலை அளந்தார். மறுபடி அளந்தார். கதவில் குறையில்லை, நிலையே கோணியிருந்தது. டேப்பைப் பையில் போட்டுவிட்டுக் கட்டிலின் ஒரு தலையைப் பிடித்தார்.

"மச்சான், அந்தப் பக்கம் தூக்குங்க."

பட்டப்பகல் மூன்று மணி. கட்டில், பீரோ, அடுப்பு, பாத்திரம் எல்லாம் தெருவுக்கு வந்தன. பால்கனியில் தலைகள் முளைத்தன. மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் எட்டிப்பார்த்து, "என்ன அங்குலம், வீடு மாத்துறியா? சொல்லவே இல்ல" என்றார்.

"ரெண்டு வருஷமா சொல்லிட்டுத்தான் சார் இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஆள் சிரிக்கவில்லை. இருட்டுமுன் தன் பெட்டியை இறக்கிவிட்டார். பேச்சை நம்பாதவர்கள் பீரோவை நம்பினார்கள். ஒரு வாரத்தில் அவர் வீட்டோடு சேர்த்து எட்டு வீடு காலி. சொந்தக்காரர் பட்டறைக்கே வந்து கத்தினார், வதந்தி பரப்புகிறவன் என்றார், வேலையை விட்டு எடுத்தார். இப்போது இருவரும் என் வீட்டு மாடியில் இருக்கிறார்கள்.

மீதி எட்டு வீடு. அவை காலியாகாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுக் காலை இரண்டாம் மாடித் தையல்காரப் பெண் போன் செய்தாள். ஜன்னல் கொண்டி சேரவில்லையாம், எண்ணெய் போட்டால் சரியாகுமா அண்ணே என்று கேட்டாள். இவர் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போய்ப் பார்த்தால், பள்ளிச் சீருடை அறுபது தைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டு இறங்குகிறேன் என்கிறாளாம். அதுவரை நான் இங்கேதான் என்று அவள் வாசலுக்கு எதிரே படியில் உட்கார்ந்துவிட்டார்.

இன்று மதியம் தங்கை அவருக்கான தூக்குப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். நான் மறுக்கவில்லை. தெருவில் ஒரு பீடி பற்றவைத்து முழுக்க இழுத்தபிறகுதான் கட்டடத்துக்குள் போனேன். படிகளில் மணல் போல ஒரு தூள் கிடந்தது. காலையில்தான் பெருக்கினேன் என்று மேலிருந்து அவர் சொன்னார். சுவரைத் தொடாமல் ஏறினேன்.

"உக்காருங்க மச்சான்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இல்ல மாப்பிள்ளை, நின்னுக்கிறேன்."

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பள்ளத்தில் பம்பு. ஏதோ ஒரு கணம் இரண்டும் சேர்ந்தாற்போல நின்றன. அந்த அமைதியில் சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம். பட்டறையில் கம்பி விடுபடுமுன் வருமே, அந்த மாதிரி. முப்பது வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் நான் கையை இழுத்துக்கொள்கிறவன்.

அவர் ஒற்றை விரலைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவள் கதவை இடித்தேன்.