சரக்குப் போட்ட பாரா பிரித்

பளையில் என் தங்கை பவானியின் குசினியில் ஒரு சட்டி வெறும் தேத்தண்ணிக்குள் பிளம்ஸ் ஊறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பின்னேரம் ஐந்தே காலுக்கு நான்தான் ஊறப்போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணைக்கு வயித்துக்குள்ள ஏதும் பிரச்சினையோ?" என்று பவானியிடம் கேட்டாவாம். நான் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்த வேல்ஸில் இந்தச் சட்டியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தேத்தண்ணியில் ஊறிய பழமும் வாசனைத் தூளும் சேர்த்து வேகவைக்கும் பழைய காலத்துப் பாண் அது. பாரா பிரித் என்பார்கள். புள்ளிப் பாண் என்று பொருள்.

அதை எனக்குப் பழக்கியவர் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி மேரி. எங்கள் முதல் தைப்பொங்கலுக்கு முதல்நாள், கடைக்குப் போகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டார். பொங்கலுக்குப் போட "பிளம்ஸ்" என்றேன். ஒரு பை நிறைய ஊதா நிறத்தில், சாறு சொட்டும் பெரிய பழங்களோடு வந்து நின்றார். அரிசிக்குள் இதை எப்படிப் போடுவீர்கள் என்று அவர் கேட்க, எனக்கோ மறுமொழி சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் இல்லை. கடைசியில் அவரே தன் அலுமாரியைத் திறந்து, பாரா பிரித்துக்கு வைத்திருந்த உலர்ந்த திராட்சையைக் காட்டினார். "இதுதான் பிளம்ஸ்!" என்று நான் கத்தியதை அவர் கடைசிவரை சொல்லிச் சிரித்தார். போன கிழமை கிளிநொச்சிக் கடையொன்றில், நினைவில்லாமல் "ரெய்சின்ஸ்" கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிளம்ஸோ ஐயா? அதை வடிவாச் சொல்லலாமே." இரண்டு நாட்டிலும் ஒரே சொல்லில் தடுக்கி விழுந்தவன் நான்.

என் மகள் மதுராவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இந்தப் பாணை நான்தான் செய்வேன். வெந்த நேரத்தையும் பழுதையும் குறித்து வைத்த கொப்பி வேல்ஸில் இருக்கிறது. மூன்று கிழமையில் காணி உறுதி வேலையை முடித்துக்கொண்டு, பிள்ளை பிறக்க முதல் வந்துவிடுவேன் என்று, வயிற்றுப்பிள்ளையோடு இருந்த அவளுக்குச் சொல்லித்தான் பளைக்குப் புறப்பட்டேன். நில அளவை தள்ளிப்போனது. கையொப்பம் தள்ளிப்போனது. ஆறாவது கிழமையில், பிள்ளை முந்திக்கொண்டு பிறந்துவிட்டது. அன்றிலிருந்து நான் தொலைபேசி எடுத்தால் மதுரா ஒரு சொல்லும் பேசாமல் தாயிடம் கொடுத்துவிடுகிறாள். "களைப்பா இருக்கிறாள்" என்பார் மனைவி. அது களைப்பில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ரூபன் லண்டனுக்குத் திரும்பப் புறப்பட்டான். வியாழக்கிழமை வேல்ஸில் எங்கள் வீட்டுப்பக்கம் போவானாம். அவனை ஏற்றிப்போகும் கொழும்பு வான் இரண்டு மணிக்கு. நான் மா, சீனி எல்லாம் அளந்து வைத்து, "பவானி, கொஞ்சம் சரக்கு இடிச்சு மாவுக்குள்ள போட்டுக் கலந்து வை" என்று சொல்லிவிட்டு அவனிடம் ஓடினேன்.

ரூபன் பெட்டிக்கு மேல் ஏறியிருந்து பூட்டிக்கொண்டிருந்தான். "எல்லாரும் மிளகாய்த்தூள் தந்து விடுகினம். நீங்கள் வெள்ளைக்காரன்ர கேக்கை வெள்ளைக்காரனுக்கே அனுப்புறியளோ அண்ணை?"

"மகளுக்கடா."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "சரி, கையில கொண்டுபோறன். ஒண்டரைக்குள்ள தாங்கோ."

திரும்பி வந்து, முட்டையையும் ஊறிய பழத்தையும் தேத்தண்ணியோடு மாவுக்குள் ஊற்றிய பிறகுதான் கவனித்தேன். மா மஞ்சளாக இருந்தது. மிளகு மூக்கில் ஏறியது.

"என்ன போட்டனி?"

"நீங்கள்தானே சரக்கு எண்டனியள்? பெட்டை பிள்ளை பெத்திருக்கிறாள். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள். உள்ளியும் வைப்பமெண்டு பாத்தன். கேக்கெண்டபடியா விட்டிட்டன்."

நான் நினைத்தது கறுவா, கராம்பு, சாதிக்காய். பிள்ளை பெற்றவர் உள்ள குடும்பத்தில் சரக்கு என்றால், அவருக்குப் பத்தியக் கறி வைக்க இடிக்கும் தூள் ஒன்றுதான். அந்த அர்த்தத்தை நான் எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை. மறுபடி ஊறப்போட நேரமில்லை. அச்சுத் தட்டும் இல்லை. வெறும் பால்மாத் தகரப் பேணிக்கு எண்ணெய் பூசி ஊற்றி, பத்து இருபதுக்குச் சின்ன மின்சார அவணுக்குள் வைத்தேன். பத்து ஐம்பதுக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டு நிமிடம் கதவைத் திறக்காமல் முன்னால் நின்றேன். நடு வேகாதோ, சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்குமோ, முதல் கடியிலேயே அப்பா என்னைக் கேலி செய்கிறார் என்று நினைப்பாளோ?

"அண்ணை, அவண் முட்டையோ போட்டிருக்கு, அடைகாக்கிறதுக்கு? இருங்கோ ஒரு கதிரையில" என்றாள் பவானி.

ஒன்று இருபத்தைந்துக்குப் பேணி ரூபன் கைக்குப் போனது. அடியில் இன்னும் இளஞ்சூடு இருந்தது.

புதனும் வியாழனும் நான் தொலைபேசியை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்பதை மட்டும் குறித்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு ஒரு குரல்பதிவு வந்தது. முதலில் பிள்ளையின் சிணுங்கல். பிறகு மதுரா.

"அப்பா, இது பாரா பிரித்தே இல்லை. பயங்கரமா உறைக்குது. அம்மா முதல் கடியிலேயே அழுதிட்டா, இது பிள்ளை பெத்தவைக்குப் போடுற சரக்காம். நான் பாதி முடிச்சிட்டன்." பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. "எப்ப வீட்டை வாறியள்?"

நான்கு தரம் கேட்டேன். 'கெதியா வீட்டை வந்திடுவன் பிள்ளை' என்று எழுதினேன். புறப்படும்போதும் இதைத்தானே சொன்னேன் என்று விரல் தயங்கியது. காணி உறுதிக் கையொப்பத்துக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

கிணற்றடியிலிருந்து பவானியின் குரல் வந்தது. "அண்ணை, நான் சந்தைக்குப் போட்டு வாறன். நீங்கள் வீட்டைதானே நிக்கிறியள்?"

"ஓம், வீட்டைதான்" என்றேன். கையில் அந்த வரி இன்னும் அனுப்பப்படாமல் இருந்தது.