தையல் போட்ட வாய்க்கு ஒரு மவுத்வாஷ்

இன்று காலை திண்டிவனத்திலிருந்து மேரி அக்கா போன் செய்தார். நேற்று எங்கள் விழுப்புரம் கிளினிக்கில் ஈறு ஆபரேஷன் செய்துகொண்டவர்.

“எல்லா மெடிக்கலும் சுத்திக்கினு இருக்கேன்மா. டாக்டர் எழுதின மவுத்வாஷ் எங்கியும் இல்லியாம். தையல் மேல பிரஷ்ஷும் வெக்கக் கூடாது. சீழ் புடிச்சிடுமோன்னு பேஜாரா இருக்குது.”

டாக்டரிடம் கேட்டேன்.

“அதுல இருக்கிற மருந்து குளோர்ஹெக்சிடின்தான். அதே ஸ்ட்ரென்த்தா இருந்தா எந்தக் கம்பெனியும் சரி. கெடைக்கிற வரைக்கும் வெதுவெதுப்பா உப்புத் தண்ணி கொப்பளிக்கட்டும்.”

அக்கா நின்றிருந்த மெடிக்கலில் போனைக் கடைக்காரரிடம் கொடுக்கச் சொல்லி, மருந்தின் பெயரையும் ஸ்ட்ரென்த்தையும் சொன்னேன்.

“அட, அது வேற பேர்ல இருக்குதுங்களே!” என்றார் அவர்.

அக்கா சிரித்துவிட்டார். உடனே, “ஐயோ, சிரிச்சா தையல் இழுக்குதும்மா!”

சிரிப்பை அடக்கும் மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.