போகும்போதும் ஏற்றம், வரும்போதும் ஏற்றம்

தலவாக்கலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சைக்கிள் ஓட்டும் பெண்கள் இரண்டே பேர். ஜீவராணிக்கு நாற்பத்தைந்து வயது; கொழுந்து எடுக்கிறார். பிரியந்தி அவரைவிடப் பத்து வயது இளையவர். பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். லயத்து வரிசைவீடுகளின் வாசலிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லாவிட்டால் படிக்கட்டு. அங்கே சைக்கிளால் பெரிய உபயோகமில்லை. இருந்தும் பிரியந்தி போன வருடம் ஜீவராணியிடம் ஓட்டப் பழகினார்.

ஜீவராணி கிளிநொச்சியில் வளர்ந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையை விட்டுப் போன குடும்பம். அந்தத் தட்டை நிலத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போவார்கள். பதினாறு வயதில் சண்டை ஊருக்குள் வந்தபோது, பின்னால் அரிசி மூட்டையும் கைப்பிடியில் இரண்டு வாளிகளுமாக மல்லாவி வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பாதை எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம் மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

கல்யாணமாகி மலைக்குத் திரும்பிய பிறகு மூன்று முறை கதிர்காமம் போயிருக்கிறார். ஆடித் திருவிழாவுக்கு லயத்து ஆட்கள் வேன் பிடித்து, ஒரே நாளில் போய் வருவார்கள். வளைவுகளில் அவருக்கு வாந்தி வரும். போகவும் வரவும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டே இருப்பார். "சாக்குல கட்டி எடுத்துட்டுப் போன மாதிரி போயிட்டு வந்திருக்கேன்" என்பார். எனவே இந்த ஆடிக்குச் சைக்கிளில் போவது, யாரும் விரட்டாமல், வழியைப் பார்த்துக்கொண்டு போவது என்று தீர்மானித்தார். தோட்டத்தில் ஒன்பது நாள் லீவும் கேட்டு வாங்கிவிட்டார்.

"பஸ்ல ஏறுனா பொழுது சாயிறதுக்குள்ள சாமியப் பார்த்துரலாம்" என்றார் கணவர் சுதாகரன்.

"சாமி எங்கயும் போயிறாது. நீங்க ஒன்பது நாளைக்குப் பருப்புக் கறி வைக்கக் கத்துக்கங்க."

அவரைத் தடுத்தது ஒன்றே ஒன்றுதான். கோயில் மடங்களில் தங்கிப் போகும் பயணம். தனியாகப் போக மனம் இல்லை. பிரியந்தி வந்தால் போகலாம், வராவிட்டால் மறுபடியும் வேன். பிரியந்திக்கோ இறக்கம் என்றால் நடுக்கம். பழகும் நாட்களில் விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலிருந்து சைக்கிளோடு சரிந்து தேயிலைச் செடிக்குள் போய் விழுந்திருக்கிறார். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

"ஏத்தம்னா கவலையில்லக்கா, எறங்கித் தள்ளிருவேன். பெரிய எறக்கம் இல்லேன்னா சொல்லுங்க, வாறேன்" என்றார்.

பாதையில் எது ஏற்றம், எது இறக்கம் என்று தெரிந்தாக வேண்டும். மகள் சுலக்ஷனா கொழும்பிலிருந்து போனில் வழிப்படம் அனுப்பினாள். அதில் தூரம் இருந்தது. எங்கே மூச்சு வாங்கும் என்பது இல்லை. ஜீவராணி தானாகவே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பஸ்ஸில் போனார்: நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, வெல்லவாய. டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து கியர்க் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாம் கியர் விழுந்தால் கொப்பியில் ஊர்ப்பெயரோடு 1. இரண்டாம் கியருக்கு 2. ஒன்று விழுகிற இடத்தில் பஸ்ஸே திணறுகிறது, அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது கணக்கு. கம்பியில் கண் பதிந்திருந்ததால் வாந்திகூட வரவில்லை. திரும்பும் பஸ்ஸிலும் அப்படியே எழுதினார். போகும்போது ஒன்று விழுந்த பல இடங்களில் வரும்போதும் ஒன்று விழுந்தது. எழுதியது சரிதான் என்று அவருக்கு நிம்மதி.

கொப்பியைப் பார்த்த பிரியந்தியின் முகம் மலர்ந்தது. "ஐயோ, முக்காவாசி தள்ளுறதுதானே! அப்ப நானும் வாறேன்க்கா."

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜீவராணி இரண்டு சைக்கிளையும் டவுனில் மஃறூப் நானாவின் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனார். ஏற்றத்துக்கு லேசாக மிதிக்கிற மாதிரி ஏதாவது மாட்டித் தரும்படி கேட்டார். நானா கொப்பியை வாங்கிப் புரட்டினார். நுவரெலியா தாண்டி வரும் ஹக்கலைக்கு அடுத்த பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இதென்ன தங்கச்சி, வரிசையா ஒண்டு ஒண்டா ஈக்குது?"

"பெரிய ஏத்தம் நானா."

"போற பக்கத்துலயும் ஒண்டு, வாற பக்கத்துலயும் ஒண்டு. போறப்பவும் ஏத்தம், வாறப்பவும் ஏத்தமா? அப்புடி ஒரு ரோட்ட எங்க போட்டு வெச்சீக்குறாங்க? எனக்கும் காட்டுங்க, நான் வாடகைக்கு விடுறேன்."

ஜீவராணி கொப்பியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எறக்கத்துலயும் டிரைவர் கியரக் கொறைப்பான் புள்ள. இல்லாட்டி பஸ் அவன்ட பேச்சக் கேக்காது. ஹக்கலை தாண்டினா வெலிமடைப் பக்கம் ஒரே எறக்கம். எல்ல ஊரத் தாண்டினா வெல்லவாய வரைக்கும் அதவிட எறக்கம். ஒங்களுக்கு வேண்டியது பிரேக் கட்டை."

அவர் சொல்லச் சொல்ல ஜீவராணிக்கு உறைத்தது, தன் கணக்கு தவறிப்போனது மட்டும் இல்லை. வழியைப் பார்க்க ஆசைப்பட்டு அதே வழியில் நான்கு முறை போய் வந்திருக்கிறார். ஒரு முறைகூட ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. வேனில் கண்ணை மூடியிருந்ததற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

வீடு போகும் வழியில் ஒரு யோசனை வந்தது. சொல்லாமல் விட்டால் பிரியந்தி வருவார். ஹக்கலை வரை வந்துவிட்டால் பாதியில் திரும்பவா போகிறார்? அந்த யோசனை நூறு அடி தூரம் கூடவே நடந்து வந்தது. பயந்த ஒருத்தியை ஏமாற்றி அழைத்துப்போனால் அது மறுபடியும் விரட்டிக்கொண்டு போகிற பயணம்தான் என்று பட்டதும் அதை விட்டார். நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போனார்.

பிரியந்தி ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்ப இந்த ஒன்னெல்லாம் எறக்கமாக்கா?"

"நெறைய எறக்கம்தான். நான்தான் பார்க்காம எழுதிட்டேன். நீ வரலேன்னாலும் கோவிக்க மாட்டேன்."

பிரியந்தி குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுக் கொப்பியை வாங்கினார். ஒவ்வொரு ஒன்றிலும் விரல் வைத்துப் பார்த்தார்.

"இந்த எடத்துல எல்லாம் எறங்கி நடக்குறதுன்னுதானே நாளுக் கணக்குப் போட்டீங்க?"

"ஆமா."

"வெலிமடைக்கு ரெண்டு நாளு, வெல்லவாய போக ரெண்டு நாளு?"

"ஆமாடி. எல்லாம் தள்ளிக்கிட்டுப் போறதுக்குத்தான்."

"அப்ப என்ன மாறிப்போச்சு? எறக்கத்துலயும் பிரேக்கப் புடிச்சுக்கிட்டு எறங்கி நடப்போம். ஒன்பது நாளு ஒன்பது நாளாத்தானே இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார்: "ஆனா எறக்கத்துல தள்ளுனது மட்டும் லயத்துல சொல்லிராதீங்க. கதிர்காமத்துக் கதைய விட்டுட்டு இதத்தான் தீபாவளி வரைக்கும் பேசுவாங்க."

ஜீவராணி சிரித்ததில் தொட்டில் குழந்தை விழித்துக்கொண்டது.

அந்தத் திட்டம் பிழையான காரணத்தால் சரியாக அமைந்த திட்டம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. அவசரப்படாமல் போட்ட கணக்கில் பிழை விடவும் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

புது பிரேக் கட்டைகளை மஃறூப் நானா மாட்டினார். கைப்பிடிகளில் எலுமிச்சம்பழம் குத்துவது சுதாகரன் பொறுப்பு. புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி ஐந்தாவது முறையாகப் பஸ் ஏறினார். இந்த முறை ஜன்னலோரம். ஹக்கலையைத் தாண்டி ஒரு வளைவில் மூடுபனி விலகியது. கீழே அடுக்கடுக்காக மரக்கறித் தோட்டங்கள், அதற்கப்பால் புல்மலைகள், அவற்றின் மேல் வெயில். டிரைவர் முதலாம் கியர் போட்டார். ஜீவராணி கொப்பியை எடுத்து, அந்த இடத்துக்குப் போட்டிருந்த பழைய 1-க்குப் பக்கத்தில் எழுதினார்:

"இங்க உக்காரணும்."