தொட்டிக்குள் வளர்ந்த தவளைகள்

ஜெர்மனியின் ஹம் நகரில் நாங்கள் இருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு ஜெர்மன் பெண்மணி தனியாக வசித்தார். மகளோடு போய் இருப்பதற்காக வேறு ஊருக்குப் புறப்படும் நேரத்தில், படிக்கட்டில் என் மனைவியை மறித்து நெடுநேரம் ஏதோ கேட்டிருக்கிறார். மனைவி ஜெர்மன் வகுப்புக்குப் போகத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பாதி விளங்கியும் விளங்காமலும் ‘யா, யா’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் நான் தொழிற்சாலையால் திரும்பியபோது வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. கட்டைவிரலை விடச் சிறிய பழுப்புத் தவளைகள் நான்கு, கைகால்களைப் பரப்பியபடி தண்ணீருக்குள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

“தவளையை வீட்டுக்குள்ள வைக்கிறதே? பாய்ஞ்சு கட்டிலில ஏறப்போகுதுகள்” என்றேன்.

“ஏறாதுகள். உதுகள் சீவியம் முழுக்கத் தண்ணிக்குள்ளதானாம். வெளியில வந்தால் காய்ஞ்சு செத்துப்போடுமாம். மேல்வீட்டு அம்மா கையால காட்டிக் காட்டிச் சொல்லி, தந்திட்டுப் போயிட்டா. இப்ப திருப்பிக் குடுக்க ஏலாது, பாவம்.”

ஆப்பிரிக்காவின் சூடான காட்டு நீர்நிலைகளில் வாழும் இனமாம். அதனால் தொட்டிக்குள் ஒரு சிறு ஹீட்டர் எப்போதும் எரிந்தது. முதல் வாரம் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் அவை சாப்பிடுவதைப் பார்த்தேன். அவற்றுக்கு நாக்கு இல்லை. கண்ணும் மந்தம். மணம் பிடித்துத் தடவித் தடவி வந்து, புழுவை வாயால் கவ்வி, இரண்டு கைகளாலும் உள்ளே தள்ளின. அன்றிலிருந்து வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே தொட்டிக்கு முன்னால் போய் இருப்பேன்.

ஒரு மாலை குளிர்பெட்டி இரைவதாக நினைத்து அதைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி சிரித்தாள். “அது பிரிட்ஜ் இல்லையப்பா. ஆண் தவளை பாடுது.” அந்தச் சிறிய உடம்பு தண்ணீருக்கடியில் இருந்தபடியே அறை முழுக்கக் கேட்க ரீங்கரித்தது. கொஞ்ச நேரத்தில் அது பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. இரண்டும் ஒன்றாக மேலே எழும்பி, நீர்ப்பரப்பில் மல்லாந்து கரணம் போட்டு, சில முட்டைகளை மிதக்கவிட்டுக் கீழே இறங்கின. திரும்பவும் எழும்பின. நாங்கள் சாப்பிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் முடிந்ததும் தவளைகள் தங்கள் முட்டைகளையே விழுங்கத் தொடங்கின. மனைவி ஓடிப்போய்த் தேநீர்க் கரண்டி எடுத்துவந்து, மிச்சத்தைச் சலாட் கோப்பைக்கு மாற்றினாள். குஞ்சுகள் பொரித்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நீந்தத் தொடங்கியதும் ஊரில் தவளைக் குஞ்சுகளான வாற்பேத்தைகள் இலைபாசி தின்பது ஞாபகம் வந்து, அவித்த கீரை போட்டோம். எல்லாம் செத்துப்போயின.

அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “நான் கடையில கேட்டுக்கொண்டு வாறன்” என்றாள். அதுவரை அவள் தனியாக எந்தக் கடைக்காரரிடமும் ஜெர்மனில் ஒன்றும் விசாரித்ததில்லை. வளர்ப்பு மீன் விற்கும் கடைக்குப் போய், வெகுநேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து திரும்பினாள்.

“இலை தின்னாதுகளாம். உதுகள் வேட்டைக்காரர். உயிரோட அசையிற சாப்பாடு வேணுமாம்!”

அன்றே மழைத்தண்ணீரில் சலாட் இலையை ஊறப்போட்டு யன்னலோரம் வைத்தாள். சில நாளில் வீடு நாறியது. கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் உயிர்கள் அந்தத் தண்ணீரில் துடித்தன. அடுத்தமுறை முட்டை கிடைத்தபோது உணவு தயாராக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். குண்டூசித் தலை அளவான குஞ்சு ஒன்று அசையாமல் நின்று குறிபார்த்தது. சட்டென்று அதன் வாய் ஒரு குழாய்போல முன்னுக்கு நீண்டு இரையை உறிஞ்சியது. “இவ்வளவு சின்னதுக்கு எவ்வளவு கெட்டித்தனம்!” என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நாளும் பொழுதும் அவள் தண்ணீர் மாற்றினாள். நான் இரவுவேலை முடிந்து வந்து கோப்பைகளைக் கழுவிக் கொடுத்தேன். பல குஞ்சுகள் தவறின. மிஞ்சியவற்றுக்குப் பின்கால் வந்தது, கை வந்தது, வால் கரைந்தது.

அவள் போய்ச் சொன்னதை நம்பாமல் அந்தக் கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். தான் எத்தனையோ தரம் முயன்றும் ஒன்றுகூடத் தேறவில்லையாம். சப்பாத்தைக் கழற்றி, தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று, ஒவ்வொரு குட்டித் தவளையாகப் பார்த்தார். பிறகு எழும்பி மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். நான் கோப்பி போட உள்ளே போனேன். கோப்பி ஆறிய பிறகும் அவர்கள் பேச்சு முடியவில்லை.