இரண்டாவது பூச்சு

ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில் ஒரு பள்ளி முற்றம். பெற்றோர் கூடிப் பள்ளியைச் சீர்செய்யும் சனிக்கிழமை, 'டுக்னாட்' என்கிறார்கள். பெஞ்சுக்குப் பச்சை வர்ணம் அடிக்கும் வெள்ளைக்காரப் பெண், நான் யாருடைய அப்பா என்றுகூடக் கேட்காமல் என் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடுக்கிறார். மதுரையிலிருந்து வந்த விருந்தாளி நான். என்னை அழைத்து வந்த யாழ்ப்பாணத்துச் சுகந்தி சிரிக்கிறார்.

"இவ ஆரெண்டு தெரியுமோ அண்ணை? முந்தி இஞ்சை வெள்ளைப் பிள்ளையளை ஒரு வகுப்பிலையும் எங்கடை பிள்ளையளை மற்றதிலையும் விட்டவை. இல்லாட்டி வெள்ளையள் வேறை பள்ளிக்கூடம் போயிடுவினமாம்."

"நீங்க யாரும் கேக்கலையா?"

"கேட்டனாங்கள். நாங்கள் கேட்டால் அது வெறும் முறைப்பாடு, இவ கேட்டால் உடனை கூட்டம் வைப்பினம். தன்ரை மகளைக் கையிலை பிடிச்சுக் கொண்டுவந்து எங்கடை வகுப்பிலை இருத்தினவ. பிறகுதான் ரெண்டையும் கலந்தவை."

என் அப்பா சாதியின் பேரால் பள்ளியில் தனியாகத் தரையில் உட்கார வைக்கப்பட்டவர். அவர் பக்கத்தில் தன் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைக்க யாரும் வரவில்லை. இதைச் சொல்லி இந்தப் பெண்ணுக்கு நன்றி கூற எனக்கு அவர் மொழி தெரியாது.

"ஒருக்கா பூசினால் காணும் அண்ணை, போதும்," என்கிறார் சுகந்தி.

நான் இரண்டாவது முறையும் பூசுகிறேன்.